தூங்கும் மனசுக்கு ஒன்று, துள்ளும் மனசுக்கு ஒன்று

தம்பி, குடியாத்தத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊர் விகாரில் தியானத்துக்கு உட்காருகிறீர்கள். கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் தூக்கம் சொக்குகிறது. தூக்கம் வராத நாளில் சூப்பர்வைசர் திட்டியது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "மனச அமைதியா வெச்சிக்கோ, அதான் பௌத்தம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படி அமைதியாகிவிட்டால் அநியாயத்தைத் தட்டிக் கேட்கிற சூடும் போய்விடாதா? பத்துப் பாரமிதை, எட்டு நெறி, ஏழு அங்கம், முப்பத்தேழு தர்மம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே, இதில் எதைப் பிடிப்பது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். அமைதி என்பது புத்தர் வளர்க்கச் சொன்ன குணங்களில் ஒன்றுதான். தூக்கம் சொக்கும் மனசை இன்னும் அமைதிப்படுத்தப் பார்ப்பது அவர் காட்டிய வழிக்கு நேர் எதிர். உங்களுக்குத் தியானம் கைவரவில்லை என்று நினைக்காதீர்கள். வேண்டாத நேரத்தில் வேண்டாத மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். முப்பத்தேழு என்பது ஏழு தொகுதிகளின் கூட்டு: விழிப்பை நிறுத்தும் இடங்கள் நான்கு, சரியான முயற்சிகள் நான்கு, சித்திக்கு அடிப்படைகள் நான்கு, இந்திரியங்கள் ஐந்து, பலங்கள் ஐந்து, போதி (ஞானம் பெறுதல்) அங்கங்கள் ஏழு, மார்க்க அங்கங்கள் எட்டு. முப்பத்தேழும் தனித்தனிச் சரக்கு அல்ல. விழிப்பு, ஊக்கம், ஒருமுகம், ஞானம் ஆகியவையே இடத்துக்கு இடம் பெயர் மாறி வரும். பத்துப் பாரமிதைகள், அதாவது பத்து நற்குணங்கள், உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளில் அவற்றைக் கடைப்பிடிப்பேன் என்பதும் ஒன்று. தானம், சீலம், பொறுமை, வாய்மை என்று நாள் முழுதும் பிறரோடு பழகும்போது வளரவேண்டியவை அவை. நீங்கள் கேட்கிற சிக்கல் உட்கார்ந்த இடத்தில் மனசுக்குள் நடப்பது. அதற்கு ஏழு போதி அங்கங்கள்தான் நேரடியான பதில். விழிப்பு, தர்ம ஆராய்ச்சி, ஊக்கம், உவகை, தணிவு, ஒருமுகம், சமநிலை. பாலியில் இவற்றைப் போஜ்ஜங்கம் என்பார்கள்.

இதைப் பற்றி, புத்தர் பேச்சுகளின் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் ஓர் உரையாடல் உண்டு. சாவத்தி நகரில் சில பிக்குகள் காலையில் பிச்சைக்குப் புறப்படுகிறார்கள். இன்னும் நேரமிருக்கிறதே என்று வழியில் வேறு சமயத் துறவிகள் தங்கியிருந்த தோப்புக்குள் போகிறார்கள். அவர்கள் மடக்கிவிடுகிறார்கள்: உங்கள் கோதமர் மனசின் ஐந்து தடைகளை விடச் சொல்கிறார், ஏழு போதி அங்கங்களை வளர்க்கச் சொல்கிறார், நாங்களும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம், அப்புறம் உங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? பிக்குகளுக்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்து புத்தரிடம் சொல்கிறார்கள். அவர் கோபப்படவில்லை, "அது நம்முடையது" என்று உரிமையும் கொண்டாடவில்லை. மனசு சோர்ந்து கிடக்கும்போது எந்த அங்கத்தை வளர்க்க வேண்டும், எதை வளர்க்கக் கூடாது. துள்ளும்போது எதை வளர்க்க வேண்டும், எதை வளர்க்கக் கூடாது என்று அவர்களைக் கேளுங்கள், பதில் சொல்லமாட்டார்கள் என்கிறார்.

பிறகு அவரே விளக்குகிறார். சின்னதாக எரிகிற நெருப்பை நன்றாக எரியவைக்க நினைக்கிறான் ஒருவன். அதன்மேல் ஈரப் புல்லைப் போடுகிறான், ஈரச் சாணத்தைப் போடுகிறான், ஈர விறகை வைக்கிறான், தண்ணீர் தெளிக்கிறான், மண்ணையும் தூவுகிறான். எரியுமா? எரியாது. சோர்ந்த மனசுக்குத் தணிவும் ஒருமுகமும் சமநிலையும் ஈர விறகு. அந்த நேரத்தில் தர்ம ஆராய்ச்சியும் ஊக்கமும் உவகையும் வேண்டும். காய்ந்த புல், காய்ந்த சாணம், காய்ந்த விறகு, வாயால் ஊதுவது எல்லாம் அவைதான். கொழுந்துவிட்டு எரியும் பெரு நெருப்பை அணைக்க நினைப்பவனுக்கு இதுவே தலைகீழ். துள்ளும் மனசுக்கு ஆராய்ச்சியும் ஊக்கமும் உவகையும் காய்ந்த விறகு. அப்போது தணிவும் ஒருமுகமும் சமநிலையும் வேண்டும். இந்த ஆறுக்கும் வெளியே நிற்பது விழிப்பு. அது எந்நேரமும் பயன்படும் என்று சொல்லி முடிக்கிறார்.

ஆக, உங்களுக்கு இரண்டு வேறு நாட்களில் இரண்டு வேறு நோய். தூக்கம் வருகிற ஞாயிறும், சூப்பர்வைசர் குரல் ஓடுகிற ஞாயிறும் ஒன்றல்ல. இரண்டுக்கும் "அமைதியா இரு" என்று ஒரே வைத்தியம் பார்த்தால் பாதி நாளாவது கெட்டுப்போகும்.

இன்றைக்கு எது என்று கண்டுபிடித்துச் சொல்வது விழிப்பின் வேலை. குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர்களை நீங்கள் சின்ன வயசிலிருந்தே பார்த்திருப்பீர்கள். முறத்தை மடியில் வைத்து, ஊறவைத்த இலையை அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூலைக் கட்டுகிற கை. கண் டிவியில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு ஓடும். அந்தக் கைப்பழக்கத்தை விழிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் இலை கிழிகிறது. உள்ளே சுருக்கென்று ஒரு எரிச்சல். இன்றைக்குக் கணக்கு குறையுமே என்ற பயம். அந்தப் பயம் அடுத்த நிமிடமே தண்ணீர் கேட்டு வந்த பிள்ளைமேல் கத்தலாக விழுகிறது. இலை கிழிந்த அந்த நொடியில், "எரிச்சல் வந்திருக்கிறது, பயத்தால் வந்திருக்கிறது" என்று தெரிந்துகொண்டால் அது விழிப்பு. கத்தல் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகும். விழிப்பைப் பற்றிய புத்தர் பேச்சான சதிபட்டான சுத்தம் (சூத்திரம்) சொல்கிற முறையும் இதுவே: இந்த அங்கம் இப்போது என்னிடம் இருக்கிறதா, இல்லையா, இல்லாதது எப்படி வருகிறது, வந்தது எப்படி நிறைவடைகிறது என்று அறிவது. இருக்கிறது என்று பெருமைப்படவோ இல்லை என்று நொந்துகொள்ளவோ அதில் இடமில்லை.

இரண்டாவதான தர்ம ஆராய்ச்சியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நம் பக்கத்து விகார்களில் வந்தனை நடக்கிறது, பஞ்சசீலம் சொல்கிறார்கள், கண்ணை மூடச் சொல்கிறார்கள். மனசுக்குள் வந்ததை எடுத்துப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு. ஆராய்ச்சி என்றால் புத்தகத்தோடு முடிவது என்று நினைத்துவிட்டோம். ஏழு அங்கங்களில் விழிப்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. எது நல்லது, எது கெட்டது, எது பழிக்கத்தக்கது, எது பழியற்றது என்று பிரித்துப் பார்ப்பதில் திரும்பத் திரும்பக் கவனம் செலுத்துவதே இந்த அங்கத்துக்கு இரை என்கிறார் புத்தர்.

உங்கள் சூப்பர்வைசர் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். சொல் மட்டும் உங்களிடம் ஓடுகிறது. அதற்கு யார் இரை போடுகிறார்கள்? கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு பகுதி இருக்கும். நாலு பேர் முன்னால் ஒருவரை அப்படிப் பேசியது தவறு என்ற அறிவு ஒரு பகுதி. அது தெளிவாக இருக்கும், சுருக்கமாக இருக்கும், நாளைக்கு ஒரு காரியத்துக்கு உதவும். மற்றப் பகுதி நீங்கள் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிற பதிலடி. "அப்போ இப்டி கேட்டிருக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் வசனம் மாறும், உடம்பு சூடேறும், காரியம் ஒன்றும் நடக்காது. முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு இரை போடுவதை நிறுத்துங்கள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கோபம் முழுவதையும் அமுக்குகிறவர் நியாயத்தையும் சேர்த்தே அமுக்கிவிடுகிறார். உங்கள் பயம் அங்கேதான் பிறக்கிறது. அது சரியான பயம்தான்.

இந்த அணுகுமுறை நம் வட்டாரத்துக்குப் பழையது. வாலாஜா தாண்டினால் காஞ்சிபுரம். மணிமேகலை தர்மம் கேட்டது அங்கேதான். காப்பியத்தின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்பவில்லை. பற்றுக்கு அநித்தம் (நிலையாமை), துக்கம், அநான்மா (ஆன்மா இல்லை), அசுசி (அழுக்கு) என்று பார்ப்பதைச் சொல்கிறார். பகைக்கு மைத்திரி (நட்பு), கருணை, முதிதை (பிறர் நலத்தில் மகிழ்வது) ஆகியவற்றைச் சொல்கிறார். மயக்கத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், பாவனை, தரிசனம் என்று நான்கைச் சொல்கிறார். நோய்க்கு ஏற்ற மருந்து. பாலி உரைகள் எழுதிய புத்தகோசரும் காஞ்சியில் தங்கியிருந்ததை அங்குத்தர நிகாய உரையின் முடிவில் குறிப்பிடுகிறார். தர்ம ஆராய்ச்சி வளர என்ன செய்யவேண்டும் என்று பாலி உரைகள் தருகிற பட்டியலில் முதலில் வருவது கேள்வி கேட்பது. அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்தது: உடம்பையும் உடுப்பையும் இருக்கிற இடத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்வது. நகம் வளர்ந்து, துணி அழுக்காகி, அறை குப்பையாகக் கிடந்தால் அறிவும் கூர்மையாக இருக்காது என்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து பசை வாடையும் தோல் வாடையும் உடம்பில் ஒட்டியிருக்க உட்காருவதைவிட, குளித்து வேட்டி மாற்றி உட்கார்ந்து பாருங்கள்.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயலிலும் நம் திருப்பத்தூரிலும் வேர்விட்டது. சொன்னதை அப்படியே நம்பாமல் கேட்டு, படித்து, வாதாடிப் பௌத்தத்துக்கு வந்த முன்னோர் நமக்கு இருக்கிறார்கள். அந்தக் கேள்விப் பழக்கத்தை மேடையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தன் மனசின்மேலும் திருப்ப வேண்டும்.

ஊக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தொடங்குவதற்கு ஒரு முயற்சி, சோம்பலிலிருந்து வெளியே வர ஒரு முயற்சி, விடாமல் போக ஒரு முயற்சி என்று மூன்று தரம் சொல்லப்பட்டிருக்கிறது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்றும் தெரியும்.

உவகைதான் நம்மிடம் பட்டினி கிடக்கிறது. தியானம் என்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்காருவது என்று பலரும் எண்ணுகிறார்கள். போதிக்குப் போகிற வழியில் மகிழ்ச்சி ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தவிர்க்கவேண்டிய ஆசாபாசங்களோடு அதைச் சேர்க்கவில்லை. தின்பதாலும் வாங்குவதாலும் வராத மகிழ்ச்சி அது. எங்கிருந்து வரும்? புத்தரையும் தர்மத்தையும் சங்கத்தையும் நினைப்பதிலிருந்து, தன் ஒழுக்கத்தை நினைப்பதிலிருந்து, தான் கொடுத்ததை நினைப்பதிலிருந்து. இந்தக் கடைசி வழியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியூரிலிருந்து ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்கு நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் கொடுத்திருந்தால் அந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பேர் தெரியாது, பாஷை தெரியாது, அந்த வீட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "நான் செய்தேன்" என்று மார்தட்ட அல்ல. நல்லதைச் செய்யக்கூடிய மனசு தனக்குள் இருக்கிறது என்று அறிய. உடம்பில் மெல்ல ஒரு சிலிர்ப்பு வரும், தூக்கம் கலையும். தூங்கி வழிகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

துள்ளுகிற நாளுக்கு மற்ற மூன்று. தணிவு முதலில் உடம்புக்கு, பிறகு மனசுக்கு. தாடையைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; மூச்சு வெளியே போகும்போது அவற்றை இளகவிடுங்கள். ஆனாபானசதி என்கிற மூச்சுத் தியானத்தில் உடம்பின் இயக்கத்தைத் தணித்தபடி மூச்சு விடுவது நான்காவது படி. அதைச் செய்யாமல் நேராக ஒருமுகத்துக்குத் தாவினால் நெற்றி வலிதான் மிஞ்சும். உடம்பு தணிந்தால் சுகம் வரும், சுகம் வந்த மனசு ஒன்றில் நிற்கும். நிற்கவைக்க நாம் மல்லுக்கட்டத் தேவையில்லை.

இனி சமநிலை. உங்கள் பெரிய கேள்வி இதைப் பற்றியது. சமநிலை என்றால் "எனக்கென்ன" என்று இருப்பதா? இல்லை. அறியாமையால் வருகிற அலட்சியம் பார்ப்பதற்குச் சமநிலை மாதிரியே இருக்கும், அதனால் அதை மிக அருகில் நிற்கிற பகை என்று உரைகள் எச்சரிக்கின்றன. சாக்கியரும் கோலியரும் ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக ஆயுதத்தோடு நின்றபோது புத்தர் நடுவில் போய் நின்று, தண்ணீர் பெரிதா மனித உயிர் பெரிதா என்று கேட்டார் என்கின்றன உரைக் கதைகள். ஒரு பக்கம் அவர் பிறந்த குலம், மறுபக்கம் தாய்வழிக் குலம். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றதால்தான் இரண்டு பக்கமும் அவர் சொல்லைக் கேட்டது. பாபாசாகேபும் 1956 மே மாதம் வானொலியில் பேசியபோது தமக்குப் பௌத்தம் பிடித்ததற்குப் பிரக்ஞை, கருணை, சமத்துவம் என்ற மூன்றைத்தான் காரணமாகச் சொன்னார். மூன்றில் ஒன்றுகூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதில்லை.

நம் ஆற்றையே பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பு 1996-இல் வந்தது. தீர்ப்பு வந்த பிறகும் ஆறு சுத்தமாகிவிடவில்லை. வழக்கும் போராட்டமும் இன்றுவரை தொடர்கின்றன. இத்தனை வருஷம் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டுமானால் ஒவ்வொரு தோல்விக்கும் இடிந்து உட்காராத, ஒவ்வொரு வெற்றிக்கும் தலைகால் தெரியாமல் ஆடாத மனசு வேண்டும். அப்படிப்பட்ட மனசைச் சமநிலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சூப்பர்வைசரிடம் பேசப்போகும்போதும் அதுதான் உதவும். குரல் நடுங்காமல், வசவு கலக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லி, "இனிமே இப்படி எல்லார் முன்னாடியும் பேசாதீங்க சார்" என்று சொல்ல முடியும். தேவைப்பட்டால் யூனியனுக்கும் போக முடியும்.

இந்த ஏழும் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. புத்தரின் பெரிய சீடர்களில் மகாகஸ்ஸபர் நோயில் கிடந்தபோதும் மொக்கல்லானர் கிடந்தபோதும் புத்தர் போய் ஏழு அங்கங்களையும் சொன்னார். புத்தரே நோயுற்றபோது மகாசுந்தர் என்ற பிக்குவைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மூவரும் எழுந்தார்கள் என்கின்றன சுத்தங்கள். அதனால்தான் இலங்கை, பர்மா போன்ற தேரவாத பௌத்த நாடுகளில் நோயாளி பக்கத்தில் இதை ஓதுகிற வழக்கம் உண்டு. வேலூரில் ஆஸ்பத்திரி ரோட்டு லாட்ஜ் ஒன்றில், சிட்டகாங் பக்கத்திலிருந்து வந்த பௌத்தக் குடும்பம் ஒன்று கீமோ முடிந்து படுத்திருந்த தகப்பனாரின் தலைமாட்டில் செல்போனில் இதை ஓடவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மகள் கூடவே மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடியபடி, "பஸ்ஸத்தி" (தணிவு) என்று வந்த இடத்தில் உதட்டை அசைத்தார். ஓதினால் கட்டி கரையும் என்று நான் சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரி மருந்து மருந்துதான். ஆனால் வலியோடு படுத்திருப்பவர் எந்தக் குணத்தை இப்போது கூப்பிடுவது என்று அறிந்திருந்தார். அதைத்தான் நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். உட்கார்ந்ததும் மூச்சைத் தேடாதீர்கள். மனசு கீழே இழுக்கிறதா, மேலே துள்ளுகிறதா என்று மட்டும் பாருங்கள். துள்ளினால் உடம்பைத் தளர்த்துவதில் தொடங்குங்கள். இழுத்தால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், நிமிருங்கள், ரத்தம் கொடுத்த நாளை நினையுங்கள், அல்லது தர்மத்தில் நீங்கள் கேட்ட ஒரு விஷயத்தை எடுத்து மனசுக்குள் வாதாடுங்கள். இரண்டும் இல்லாமல் மனசு தானாகச் சீராக ஓடுகிற நாளும் வரும். அன்றைக்கு ஒன்றையும் திருத்தப் போகாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

அப்படியும் தூக்கம் போகவில்லை என்றால் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்னதைப் பின்பற்றலாம். மகத நாட்டுக் கிராமம் ஒன்றில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய சீடர்! புத்தர் படிப்படியாகச் சொன்னார். தூக்கத்தை வரவழைத்த எண்ணத்தை விடு. கேட்ட தர்மத்தை யோசி. வாய்விட்டு ஓது. காதைப் பிடித்து இழு, கைகாலைத் தேய். எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவு, நாலு திசையும் பார், வானத்து நட்சத்திரங்களைப் பார். பகல் வெளிச்சத்தை மனசில் கொண்டுவா. நட. இத்தனைக்கும் போகவில்லை என்றால், எழுந்திருக்கும் எண்ணத்தோடு வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் நீங்கள் இந்தக் கடைசிப் படிக்கு நேராகப் போகலாம். அது சோம்பல் ஆகாது. தூங்கி எழுந்து, குளித்துவிட்டு உட்காருங்கள். அதற்கு அடுத்த வாரம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். குறிப்பாக, துள்ளிய நாளில் தணிவு எந்த இடத்தில் பிடிகொடுத்தது, எந்த இடத்தில் கொடுக்கவில்லை என்பதை. அதை வைத்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.